கூடைக்குக் கழித்த இரண்டு கிலோ

ராயபுரத்து மீன்கடைக்காரி காலிக் கூடையைத் தராசில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். கூடையின் எடை கழிந்து பூஜ்யம் வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது.

பதிமூன்று வயதில் என் முதல் மல்யுத்தப் போட்டி, நாற்பது கிலோப் பிரிவில். முந்தின நாள், காசிமேட்டில் மீன் விற்ற அம்மா, ஐஸ் தண்ணீர் சொட்டும் மேடைத் தராசில் என்னை ஏற்றினாள். முள் முப்பத்தொன்பதில் நின்றது.

"கரீக்டா கீது. பட்னி கெடக்காத, துன்னு."

நிம்மதியாக இறால் குழம்புச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் போட்டித் தராசில் நாற்பத்தொன்று! ஈரக் கூடைக்காக மீன் தராசில் எப்போதும் இரண்டு கிலோ கழித்தே வைப்பார்கள். அம்மா அதை மறந்துவிட்டாள்.

"மேல் பிரிவில் மோதுறியா, வீட்டுக்குப் போறியா?" என்றார் நடுவர். மேல் பிரிவில் எனக்கு எதிராக நின்ற பெண்ணைப் பார்த்தேன், பிறகு அம்மாவைப் பார்த்தேன்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குற? டெய்லி மீன் கூடை தூக்குறவ நீ. அந்தப் பொண்ணைத் தூக்க மாட்டியா?"

தூக்கிப் போட்டேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை ஒரு போட்டிக்கும் பட்டினி கிடந்து எடையைக் குறைத்ததில்லை. மேல் பிரிவில்தான் இறங்கினேன்.

"இன்னாக்கா சிரிக்கிற? எடை கரீக்டா தான் கீது" என்றாள் கடைக்காரி.

"தப்பா இருந்தாலும் ஜெயிப்பேன், போடும்மா" என்றேன்.