ஏரியைச் சுற்றிப் போகிறவள்

கிருபாராணிக்கு ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. கம்பெனி பஸ் மெயின்ரோட்டுக்குக் காலை ஆறேகாலுக்கு வரும், யாருக்காகவும் நிற்காது. அவளுடைய காலனியிலிருந்து அங்கே போக இரண்டு வழிகள். ஊர்த்தெரு வழியாகப் பத்து நிமிடம். ஏரிக்கரையைச் சுற்றினால் முக்கால் மணி.

எட்டு மாதமாக அவள் ஏரியைச் சுற்றித்தான் போகிறாள். ஊர்த்தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதைத் தாண்டும்வரை காலனி ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி இது குற்றம். தெருவில் இதற்குப் பெயர் வழக்கம். ஊர்க்காரர்கள் செருப்போடு நடந்தால் அந்த அம்மனுக்கு ஒன்றும் ஆவதில்லை. முப்பது வருடம் கிருபாராணியும் கழற்றிக்கொண்டுதான் நடந்தாள். கம்பெனியில் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் கொடுத்தார்கள். அதைக் கையில் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில் நடக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பையில போட்டுக்கிட்டுப் போயேன்க்கா" என்றாள் தங்கை ப்ரீதா.

"பையில போட்டாலும் காலு வெறுங்காலுதானடி."

ஏரிக்கரை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. விடிகிற நேரத்தில் ஆள்காட்டிக் குருவி அவளைக் கண்டதும் கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் கூட வரும். ராகிக் கொல்லையில் பனியில் நனைந்த பயிர் வாசம் அடிக்கும். அதற்குள் ஒரு முள் சுடிதாரைக் கிழிக்கும், செங்கல் சூளை நாய் துரத்தும், சேறு ஏறி பூட்ஸ் கனக்கும். எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்க வேண்டிய கால்கள் பஸ் ஏறும் முன்பே ஓய்ந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, ஏரியைப் பார்த்துக்கொண்டே நடப்பதற்கென்று பெங்களூரிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. "தினமும் இங்கதான் நடக்கிறீங்களா? குடுத்து வச்சவங்க!" என்றார் ஒருவர் கன்னடத்தில்.

"ஆமா சார். எங்களுக்குன்னே ஒதுக்குன வழி" என்று அவளும் கன்னடத்திலேயே சொன்னாள். அவர் சிரித்துவிட்டுக் குருவியைப் படம் பிடிக்கப் போனார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஏரி நிரம்பி வழிந்தது. பாதை முழுகிக் கிடந்தது. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள். இன்னொரு தடவை விட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். திரும்பி ஓடி ஊர்த்தெருவுக்குள் நுழைந்தாள். பூட்ஸ் காலில்தான் இருந்தது.

கோயிலுக்கு எதிரே பால் சொசைட்டியில் ஏழெட்டுப் பேர் கேனோடு நின்றிருந்தார்கள். பால் அளக்கிற கோவிந்தன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஏ புள்ள, கால்ல என்னா அது?"

"பூட்ஸுங்க."

"அது தெரியுது. உனக்குக் கோயிலு தெரியலியா?"

"தெரியுதுங்க. உங்க கால்ல இருக்கிற செருப்பும் தெரியுது."

வரிசையில் நின்ற நாராயணம்மா, "ஏன்டி, கழட்டிக் கையில புடிச்சா கொறஞ்சா போயிடுவ?" என்றாள்.

"கழட்டலாங்க. திரும்ப மாட்டிக் கயிறு கட்ட அஞ்சு நிமிசம் ஆவும். பஸ்ஸு போயிடும். நீங்க வந்து கட்டிவுடறீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோவிந்தனின் கையில் பால்படி அப்படியே நின்றது. அவள் ஓடவில்லை. தெரு முடிகிறவரை முதுகு எரிந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

சாயங்காலமும் அதே தெருவில் திரும்பினாள். மறுநாளும் போனாள். கோவிந்தன் ஒவ்வொரு நாளும் முறைத்தான். ஒருநாள் காறித் துப்பினான்.

பத்து நாளில் ஏரித் தண்ணீர் வடிந்து பாதை தெரிந்தது. வழி பிரிகிற இடத்தில் அன்று கொஞ்சம் நின்றாள். தூரத்தில் குருவி கத்தியது. அந்தப் பக்கம் போகத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் இனி ஒருநாள் அப்படிப் போனாலும், பயந்து ஒதுங்கிவிட்டாள் என்று பால் சொசைட்டியில் பேசுவார்கள்.

ஊர்த்தெருவில் திரும்பி நடந்தாள். ஏரிக்கு ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஓவர்டைம் போட்டிருந்தார்கள்.