போடப் போடப் பழகிரும்

லென்ஸ் செக் பண்றதுன்னா, ஊரு போடப்போற கண்ணாடிய நாம முந்திப் பாத்து, குத்தம் சொல்லி, கடைக்காரர்கிட்ட வசவு வாங்குற தொழிலு. பயிற்சிங்கிற பேருல எங்கயாவது நின்னு கால் வீங்கின மக்களே, உங்களுக்குத்தான் சொல்றேன், கேளுங்க.

ரெண்டாயிரத்து நாலஞ்சு வாக்குல நான் கண் பரிசோதனை டிப்ளமோ படிச்சுக்கிட்டிருந்தேன். கடைசி ஆறு மாசம் கண்ணாடிக் கடையில வேலை பாத்து, ரெக்கார்டு நோட்டுல முதலாளி கையெழுத்து வாங்கணும். இல்லைன்னா பரீட்சை எழுத விடமாட்டாக. சிவகாசியில ஒரு கடை கிடைச்சது. லென்ஸ் தேய்க்கிற மதுரை லேப்ல இருந்து, மேல பவர் எழுதின கவர்ல லென்ஸ் வரும். சரியான்னு நான் பாக்கணும். அப்புறம் ஃபிட்டர் கணேசண்ணன் ஃபிரேமுல மாட்டுவாரு. மொத வாரமே நாலு லென்ஸத் திருப்பி அனுப்பிட்டேன். அண்ணாச்சி, அதாவது எங்க முதலாளி, கூப்பிட்டாரு. "ஏம்மா, அனுப்பு, வேணாங்கல. ஆனா ஒரே ஒரு தடவ லேப்காரன் உன்மேலதான் தப்புன்னு காட்டிட்டான்னா கையெழுத்து கிடையாது." "காட்டச் சொல்லுங்க"ன்னுட்டேன். என் வாய் அப்பிடி.

கூட்டல் குறி

கடையில பவர் பாக்குற மெஷின் இருந்துச்சு. பல்பு பியூஸ். மேல துண்டைப் போத்தி வச்சிருந்தாக. பல்பு கேட்டா "வரும்"பாரு அண்ணாச்சி. கடைசி வரைக்கும் வரல. கணேசண்ணன்தான் பிரஸ்ஸுல இருந்து ஒரு வேஸ்ட் காலண்டர் ஷீட்டு கொண்டாந்து சுவத்துல ஒட்டுனாரு. ஷீட்டு ஓரத்துல, கலர் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காந்திருக்கான்னு பாக்க, பொடிசா ஒரு கூட்டல் குறி போட்டிருப்பாக. அதுக்கு முன்னால லென்ஸப் பிடிச்சு அசைச்சா, குறி லென்ஸுகூடவே ஓடுனா மைனஸ் பவர், எதுத்து ஓடுனா ப்ளஸ். பவர் எம்புட்டுன்னு தெரியணுமா? கண் டெஸ்ட் பண்ற பெட்டியில இருக்க எதிர்ப் பவர் லென்ஸ ஒவ்வொண்ணா சேத்துப் பிடிக்கணும். எதுல குறி அசையாம நிக்குதோ, அதே அளவு. கரண்டும் வேணாம், பல்பும் வேணாம்.

அதுல வச்சுத்தான் ஒரு லென்ஸுல நடுவாப்புல கீறல் கண்டேன். அண்ணாச்சி வாங்கி ட்யூப்லைட்டுல பிடிச்சுப் பாத்து, "எங்கன இருக்கு கீறலு?"ன்னாரு. அவரு மூக்குல இருந்த கண்ணாடியக் கேட்டு வாங்கி அதே குறிக்கு நேரா பிடிச்சேன். குறியவே காணோம், அம்புட்டு கீறல். "மொத இத மாத்துங்க அண்ணாச்சி"ன்னேன். அவரு அசரல.

"பத்து வருசமா இதுலதான் பாக்குறேன். எனக்குத் தெரியாத கீறலு கஸ்டமருக்கு மட்டும் எப்பிடிம்மா தெரியும்?"

எம். புதுப்பட்டி அக்கா

பட்டாசு கம்பெனியில திரி சொருகுற அக்கா ஒருத்தி. கிட்டத்துல பாக்க ப்ளஸ் ஒண்ணரை எழுதியிருந்துச்சு. கவர்லயும் ப்ளஸ்தான். ஆனா குறி லென்ஸுகூடவே ஓடுது. மைனஸ் ஒண்ணரை! தூரத்துல பாக்கப் போடுறத எடுத்து கிட்டத்துல பாக்க அனுப்பியிருக்கான் லேப்காரன். அன்னிக்கு நான் அதத் திருப்பி அனுப்ப எடுத்து வச்சுட்டு, காலேஜுக்குப் போய்ட்டு மத்தியானம் வர்றதுக்குள்ள கணேசண்ணன மாட்டச் சொல்லி, அக்கா மூக்குலயும் ஏத்திட்டாரு அண்ணாச்சி. அக்கா கண்ணச் சுருக்கிக்கிட்டு, "முன்னைக்கு இப்ப மோசமால்ல இருக்கு"ங்குது. அண்ணாச்சிகிட்ட எல்லாத்துக்கும் ஒரே மருந்து: "போடப் போடப் பழகிரும்."

எனக்குக் கோவம் ஏறிருச்சு. என் பையில கிடந்த ஊசியையும் நூலையும் அக்கா கையில குடுத்து, "கோத்துக் காட்டுங்கக்கா"ன்னேன். அஞ்சு தடவ குத்துனா. நூலு ஊசிக்கு வெளியவே போகுது. அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டு, பெட்டியில இருந்து ப்ளஸ் ஒண்ணரைய எடுத்து நானே கண்ணுக்கு முன்னால பிடிச்சேன். ஒரே குத்துல கோத்துட்டா. அப்பிடியே அண்ணாச்சி பக்கம் திரும்புனா பாருங்க.

"பழகிரும் பழகிரும்ங்கிறீகளே, பழகுறதுக்கு இது என்ன எங்க மாமியாளா?"

பிரஸ்காரர் கோவம்

இது எனக்கு விழுந்த அடி, மறைக்க மாட்டேன். ஆஃப்செட் பிரஸ்ஸுல ஷீட்டு செக் பண்றவர் ஒருத்தரு, நான் ஓகே சொன்ன கண்ணாடியத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. காலையில இருந்து எல்லா எழுத்துக்கும் நிழல் தெரிஞ்சிருக்கு. கலர் விலகுதுன்னு மூணு தடவ மெஷின நிப்பாட்டியிருக்காரு. ஷீட்டுல ஒரு தப்பும் இல்ல. அண்ணாச்சி மூஞ்சியில சந்தோசம் பொங்குது. நோட்டு போச்சான்னு நெனச்சுக்கிட்டே குறிக்கு நேரா பிடிச்சேன். பவர் சரி. மெல்லத் திருப்பிப் பாத்தா, குறி சாயுற பக்கம் மாறுது: வலது கண்ணுக்குப் போட வேண்டியது இடதுல இருக்கு, இடது வலதுல. கணேசண்ணன் மாத்தி மாட்டியிருக்காரு. லேப் மேலயும் தப்பில்ல, நான் பாத்த லென்ஸ் மேலயும் தப்பில்ல.

"ஆனா மாட்டுன பெறகு நான் திரும்பப் பாக்கல. அது என் தப்புதான்"னு நானே சொல்லிட்டேன். அன்னியில இருந்து ரெண்டு தடவ பாப்பேன். பத்து நிமிசத்துல மாத்திக் குடுத்தோம். போட்டுப் பாத்தவரு மொகம் தெளிஞ்சு, உடனே வாடிருச்சு.

"கண்ணு சரியாயிருச்சு பாப்பா, காலையில மெஷின்மேன வைஞ்ச வசவையெல்லாம் இப்ப எப்பிடித் திருப்பி வாங்குறது?"

மதுரையில இருந்து ஒரு மெஷின்

சீசன் நேரம். விஸ்வநத்தத்துல இருந்து ஒரு டிரைவரு, வடக்க பட்டாசு லோடு ஏத்திட்டுப் போறவரு. மைனஸ் ரெண்டு ஆர்டர். வந்தது ஒண்ணரை. அனுப்புனேன். அதே லென்ஸு "ஓகே"ன்னு எழுதி வந்துச்சு. மறுபடி அனுப்புனேன். மூணாவது தடவ லென்ஸோட லேப்காரரே வந்து இறங்குனாரு, கையில பவர் பாக்குற மெஷினத் தூக்கிக்கிட்டு. மேசையில வச்சு, சுச்சியப் போட்டு, கண்ண வச்சு, "மைனஸ் ரெண்டு. பாத்துக்கோங்க அண்ணாச்சி"ன்னாரு. அண்ணாச்சி பாத்தாரு. ரெண்டுதான். கண்ணாடிக்குக் காத்துக்கிட்டிருந்த டிரைவர் என்னைப் பாக்குறாரு. என் ரெக்கார்டு நோட்டு மேசை மேலயே கிடக்கு.

நான் எதிர்ப் பவர் ரெண்ட லென்ஸோட சேத்து கூட்டல் குறிக்கு நேரா அசைச்சேன். குறி ஓடுது. ஒண்ணரைய வச்சேன். ஆணி அடிச்ச மாதிரி நின்னுருச்சு. "காலண்டர் தாள நம்புறதா, மெஷின நம்புறதா?"ன்னு சிரிச்சாரு லேப்காரரு. "சரி சார், லென்ஸ எடுத்துட்டு வெறும் மெஷினப் பாத்துச் சொல்லுங்க"ன்னேன். பாத்தாரு. சிரிப்பு நின்னுபோச்சு. சைபர் காட்ட வேண்டிய இடத்துல மைனஸ் அரை; ஒண்ணரையோட இந்த அரையும் சேந்துதான் ரெண்டு. கண்ணு வைக்கிற குழாய அவுக அவுக கண்ணுக்குத் தகுந்தாப்புல திருகிட்டுத்தான் பாக்கணும்; யாரு திருகுனா? எத்தன நாளா எத்தன லென்ஸ இப்பிடிப் பாத்தாகளோ! அண்ணாச்சியும் எட்டிப் பாத்துட்டுத் தலையச் சொறிஞ்சாரு. அப்ப உள்ள இருந்து கணேசண்ணன் குரல் குடுத்தாரு:

"அண்ணாச்சி, காத்துக்கே அரைப் பவர் இருக்காம்ல, அதுக்கும் ஒரு கண்ணாடி மாட்டிருவமா?"

நடத்தை

டிரைவருக்கு மறுநாளே சரியான ரெண்டு வந்துருச்சு. ரோட்டுக்கு அந்தாண்ட இருந்த போர்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் லோடுக்குக் கிளம்புனாரு. அண்ணாச்சி நோட்ட எடுத்து, பக்கம் பக்கமா கையெழுத்துப் போட்டாரு. கடைசிப் பக்கத்துல "நடத்தை"ன்னு ஒரு கட்டம். பேனா அங்கன நின்னுருச்சு. "ஏலே கணேசா, இதுல என்னலே எழுத?"

"வாயத் தவிர எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிருங்க அண்ணாச்சி."

"நன்று"ன்னு எழுதுனாரு. ஆக, லென்ஸுல தப்பக் கண்டுபிடிக்க ரெண்டு நிமிசம் போதும் மக்களே, அது தப்புதான்னு நாலு பெரிய மனுசங்க வாயால சொல்ல வைக்கத்தான் ஆறு மாசப் பயிற்சி.