எந்த ஊதா?

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'மறுபடி'. குடிநீர்க் குழாய் உடைந்தால் ஊரே தொலைபேசியில் கூப்பிடுவது அவரைத்தான். எந்தத் தெரு, எந்த முனை என்று ஒவ்வொன்றையும் "மறுபடி சொல்லுங்க" என்று கேட்டு, சரிபார்த்த பிறகுதான் எழுதுவார். கத்துகிறவர்களிடம் இன்னும் பணிவாகக் கேட்பார். அவர் எழுதிக் கொடுத்த முகவரியை நம்பி யாரும் தப்பான தெருவில் பள்ளம் தோண்டியதாகச் சரித்திரம் இல்லை. காது கொடுத்துக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது மேலதிகாரிகளின் தீர்ப்பு.

அவர் மனைவியின் தீர்ப்பு வேறு. காதை அலுவலக மேஜையிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் மனிதர் வீடு திரும்புகிறார் என்பாள் அவள். வீட்டிலும் அதே 'மறுபடி சொல்லு'தான். அங்கே கவனித்ததற்கு அடையாளம், இங்கே கவனிக்காததற்கு.

உள் அறைச் சுவர் ஈரம் ஏறிப் பொரிந்து, கை பட்டால் உதிர்ந்தது. அவளுடைய தையல் மிஷின் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் கிடந்தது. "ஏங்க, இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டே உக்கார முடியல. மூச்சு முட்டுது" என்றாள் ஒருநாள். இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "மறுபடி சொல்லு" என்றார். அவள் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு பயந்தார். பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டில், எதைத்தான் இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தோம் என்று யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருவழியாக அவள் போனை எடுத்தபோது ஒன்றுதான் சொன்னாள்.

"அந்த ரூமுக்கு ஊதா அடிச்சு வைங்க. அப்புறம் பாக்கலாம்."

போன் வைக்கப்பட்டது. போன உயிர் திரும்பி வந்தது. பெயின்ட் கடை வரைக்கும் தங்கவும் செய்தது.

"ஊதா குடுங்க" என்றார். கடைக்காரர் கலர் அட்டையை விரித்துக் கத்திரிப்பூ நிறத்தின் மேல் விரலை வைத்தார். கூட வந்திருந்த பெயின்டர் பதறிப்போனார்.

"ஐயய்ய, அது கத்திரிப்பூ சார். ஊதான்னா பேனா மை. நீலம்."

"நீலத்த நீலம்னு சொல்லிட்டுப் போறாங்க. அதுக்கு எதுக்குய்யா இன்னொரு பேரு?" என்றார் கடைக்காரர்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் ஊதா பேனான்னுதான் சொன்னாங்க."

"இப்ப உங்கம்மா ரூமுக்கா அடிக்கறீங்க?"

சங்கடம் என்னவென்றால் இருவர் சொன்னதும் சரி. இவர் அகராதியிடம் போனார். அது யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல் இரண்டையும் சொன்னது.

"வீட்டம்மாவுக்கு ஒரு போன் போடுங்களேன் சார்" என்றார் பெயின்டர். "எந்த ஊதான்னு கேட்டா முடிஞ்சுது."

கிணற்றில் குதிக்கச் சொன்னவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார் இவர். ஊரில் எவரிடமும் எதையும் திருப்பிக் கேட்கலாம், இந்த ஒருத்தியிடம் மட்டும் முடியாது. எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அது 'மறுபடி சொல்லு'வில்தான் போய் நிற்கும்.

வீட்டில் தையல் மிஷினுக்கு அடியில் அவளுடைய நூல் டப்பா இருந்தது. "அந்த ஊதா நூல எடுங்க" என்று அவள் எத்தனையோ தரம் கேட்டிருப்பாள். இவர் எதையோ எடுத்துக் கொடுத்திருப்பார். அல்லது அவளே எழுந்து வந்து எடுத்திருப்பாள். டப்பாவில் இரண்டு நிறமும் இருந்தன, இரண்டிலும் நூல் பாதிதான் மிச்சம். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எவ்வளவு யோசித்தும் அவள் குரல் ஞாபகம் வந்ததே தவிர, எந்த நூல் என்பது வரவில்லை.

கடைசியில் இரண்டு பெயின்டையும் வாங்கினார். சுவருக்கு ஒன்றாக அடிக்கச் சொன்னார்.

"இது ரூமா சார், கட்சிக் கொடியா?" என்றார் பெயின்டர்.

நீலம் அடித்த சுவர் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. கத்திரிப்பூ அடித்த சுவர் அடி வாங்கிய கன்னம் மாதிரி இருந்தது. நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"அடிச்சாச்சா?"

"ஆச்சு."

"எந்த ஊதா?"

இவர் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"அதக் கேட்டு நீங்க கூப்பிடுவீங்கன்னு போனக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள். "கேக்கக் கூடாத இடத்துல எல்லாம் கேட்டீங்க. கேக்க வேண்டிய இடத்துல வாய மூடிக்கிட்டீங்க."

"நீ கோவிச்சுக்குவேன்னுதான்…"

"அக்கா வீட்டுல நான் இருக்கற ரூம் அந்தக் கலர்தான். ஒரு தடவ வந்து எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். விடுங்க. எனக்கு இந்தச் சுவரே பழகிடுச்சு. இங்கயே இருந்துக்கறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் கதிகலங்க வைத்தது.

இரண்டு டின்களின் மூடிகளையும் எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினார். "சார், மூடி இல்லாம பெயின்ட் காஞ்சு போயிடும்" என்றார் பெயின்டர். "காயட்டும். அக்கா வீட்டுச் சுவத்துல வச்சுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. சட்டையின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் கத்திரிப்பூ. பட்டுவிடுமோ என்று பயந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். இவர் அக்கா வீட்டு ஊரைச் சொன்னார்.

"கேக்கல சார். மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னார். அதுவும் பஸ் இரைச்சலில் அமுங்கிப்போனது. கண்டக்டர் சலித்துக்கொள்ளவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, குனிந்து, காதை அவர் வாயருகே கொண்டுவந்தார்.