குப்பியில் நான் குறைத்த மருந்து

ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரர் மான் வேட்டைக்கென்று ஒரு துப்பாக்கி வாங்கினார். அப்போது நாங்கள் டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் இருந்தோம். குழல் வாய் வழியாகப் புகையில்லாத வெடிமருந்தைப் போட்டு, மேலே குண்டை இறக்கும் துப்பாக்கி அது. எவ்வளவு மருந்து போட்டால் குண்டுகள் ஒரே இடத்தில் விழும் என்று மாதக்கணக்கில் அட்டையில் சுட்டுப் பார்த்தார். மருந்தை நிறுத்துக் குப்பிகளில் அடைப்பது நான். என் கை அளவு தப்பாது.

மான் சாகக் கூடாதென்று, சில குப்பிகளில் மட்டும் துளி குறைத்தேன். குண்டுகள் சிதறின.

“தராசு சரியில்லையோ என்னமோங்க” என்றேன்.

“தராசும் சரி, உன்ற கையும் சரி புள்ள. என்ற கைதான் நடுங்குது. வயசாயிருச்சு.”

அன்றைக்கே துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டார். அப்புறம் காரையும் தொடவில்லை. எங்கே போவதானாலும், “பையன் டிரைவ் பண்ணட்டும், எனக்குக் கை நடுங்குதல்லோ” என்பார். நடுங்கவே இல்லை.

சொல்லிவிட வாயெடுப்பேன்; வீம்பு விடாது. போன வருஷம் அவர் போய்விட்டார்.

ஒரே ஒரு தடவை அவர் எதிரில் உட்கார்ந்து, “நான்தாங்க குறைச்சேன்” என்று சொல்ல வேண்டும். அவர் என்னைத் திட்டிக்கொண்டே கார் சாவியை எடுக்க வேண்டும். அதற்குத்தான் ஏங்குகிறேன்.