மீனுக்குத் தலைக்கு ஜலம்

எழுபதுகளில் எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் கடல்மீன் தொட்டி வைத்திருந்த ஒரே விலங்கியல் விரிவுரையாளன் நான். கல்லூரி முதல்வர் அதைக் காண வரவிருந்த வாரத்தில், கோமாளி மீன்களின் மேல் வெள்ளைப் புள்ளிகள் பூத்தன.

"ஏன்னா, மீனுக்கு அம்மை போட்டிருக்கு. மருந்தெல்லாம் கூடாது" என்று மனைவி தொட்டி மூடியில் வேப்பிலை செருகினாள்.

"இது ஒட்டுண்ணிடி, அசடே!"

தொட்டியில் மயில்துத்தம் கரைத்தேன். ஒட்டுண்ணிகள் வெடித்துச் சாகட்டும் என்று மீன்களைச் சற்று நேரம் நன்னீரில் விட்டெடுத்தேன். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீங்களே தலைக்கு ஜலம் விட்டுட்டேளே!"

புள்ளிகள் மறைந்தன. முதல்வர் வந்து, மீன்களை வியந்தார்.

"வேப்பிலைக்கு இங்கே என்ன வேலை?"

சர்க்கரைப் பொங்கலுடன் மனைவி நின்றிருந்தாள்.

"துணைச் சிகிச்சை, சார்" என்றேன்.

அறிவியலுக்கு நான் செய்த ஒரே துரோகம் அது. இன்றும் இனிக்கிறது.