மூன்றிலிருந்து நான்கு வரை

என் அப்பா லையல் டன்கோம்ப் யாரையும் நம்பமாட்டார். யாராவது எடுத்தால் தெரியட்டும் என்று பால் டப்பாவில் பால் மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டு வைப்பார். வீட்டில் தனியாக இருந்த வருடங்களிலும் போட்டார். சென்ற மாதம் இறந்தார். ஃப்ரிட்ஜில் இருந்த கடைசி டப்பாவிலும் கோடு இருந்தது.

கூலங்கட்டாவில் வாட்டர் ஹீட்டர் கம்பெனி ஒன்றில், உத்தரவாத மனுக்களைப் பார்க்கும் எட்டுப் பேருக்கு அவர் தலைவர். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் அவரவர் வீடு. இந்த ஏற்பாடு வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு நிம்மதி போயிற்று. ஒன்றுமில்லாத கேள்விக்கெல்லாம் திடீரென்று போன் செய்வார். பின்னால் டிவி சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார். காலைக் கூட்டத்தில் பிரெண்டன் என்பவன் திரையில் கை தூக்குவான்.

"லையல், இருமப் போறேன். அனுமதி உண்டா?"

"இருமிட்டு வேலையப் பாரு."

எங்கள் ஊரில் ஒரு தெருவின் இந்தப் பக்கம் குவீன்ஸ்லாந்து, அந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ். கோடையில் அந்தப் பக்கத்தார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். குவீன்ஸ்லாந்தில் நாங்கள் தள்ளுவதில்லை. கம்பெனி ஓடுவது எங்கள் நேரத்தில்.

போன வருடம் அக்டோபரில் மாலியா வேலைக்குச் சேர்ந்தாள். சமோவாக்காரி, இரண்டு பிள்ளைகள், வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் பனோரா பாயிண்டில். சிட்னி தலைமை அலுவலகம் எல்லோருடைய லேப்டாப்பிலும் ஒரு கண்காணிப்பு நிரலைப் போட்டிருந்தது. எட்டிலிருந்து நான்கு வரையிலான வேலை நேரத்துக்குள் யார் எப்போது வேலை செய்தார்கள் என்று வாரம் ஒரு தாள் வரும். மாலியாவின் தாளில் வீட்டு நாட்கள் எல்லாவற்றிலும் மூன்றிலிருந்து நான்கு வரை காலி. அவளுடைய தகுதிகாண் காலம் அந்த வார வெள்ளிக்கிழமை முடிய இருந்தது. அவளை நிறுத்தும் கடிதத்தில் அப்பா கையெழுத்திட வேண்டும் என்றது சிட்னி.

நான் பிரிஸ்பேனில் நெட்வொர்க் பொறியாளர். அப்பா தாளை எனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தார்.

"பாத்தியா? ஒரு நாள் விடாம காலி."

"பிள்ளைங்கள ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரப் போறாளோ என்னவோ."

"அங்க ஸ்கூல் விடறப்ப நமக்கு ரெண்டு மணிதான். நேரக் கணக்க எனக்கே சொல்லித் தர்றியா?"

"அப்ப வேற எங்கயோ போறா. மெஷின் எதுக்குப்பா பொய் சொல்லப் போகுது? கையெழுத்துப் போட்டுடுங்க."

"அந்த மெஷினையும் எவனோ ஒருத்தன்தானே செஞ்சிருப்பான்," என்றார்.

புதன்கிழமை மதியம் காரை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினார். மாலியா வீட்டுக்கு எதிரே நிறுத்தி, இறைச்சி அடைத்த மீட் பை ஒன்றைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தோட்டக் குழாயோடு வந்தார்.

"யாருய்யா நீ? அரை மணி நேரமா இங்கயே இருக்க."

"வீடு பாக்கறேன்."

"இந்தத் தெருவுல எதுவும் விலைக்கு வரல. போலீசா?"

"இல்ல."

"அதானே. போலீஸ்காரன்னா சட்டையில சாஸ் சிந்தாம தின்பான்."

ஜன்னல் வழியே மாலியா தெரிந்தாள். எங்கள் நேரத்தில் மூன்று மணி. தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மூன்றரைக்கும் அப்படியே. நான்கு அடித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு நேராகக் கார் அருகில் வந்தாள்.

"உள்ள வாங்க லையல். வெயில்ல வெந்துருவீங்க. என்னத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க, இல்ல?"

"ஆமா," என்றார் அப்பா.

அவளுடைய மேசையில் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். அங்கிருந்தே எனக்குப் போன்.

"இவ லேப்டாப் கடிகாரம் நம்ம நேரத்துல இருக்கு. வேலைக்கு வசதியா இருக்கட்டும்னு இவளே மாத்தி வெச்சிருக்கா. அதனால ஏதாவது ஆகுமா?"

எனக்கு உடனே புரிந்தது. வீட்டு நாட்களில் அவள் இருப்பது நியூ சவுத் வேல்ஸ் விலாசம் என்பதால் கடிகாரமும் அந்த ஊர் நேரத்தில் இருக்கும் என்று நிரல் எடுத்துக்கொண்டது. குவீன்ஸ்லாந்து நேரமாக்க ஒரு மணி நேரத்தைக் கழித்தது. ஏற்கெனவே எங்கள் நேரத்தில் இருந்ததிலிருந்து கழித்தது. எட்டிலிருந்து நான்கு வரை அவள் செய்த வேலை, நிரலின் கணக்கில் ஏழிலிருந்து மூன்று வரை ஆகிவிட்டது; எட்டுக்கு முந்தியதைத் தாள் காட்டாது. நான் அன்றே பார்த்திருக்க வேண்டியது. ஐந்து நிமிட வேலை.

"நல்லவேளை, கையெழுத்துப் போடலையே?" என்றேன்.

"நீதானே போடச் சொன்ன," என்றார்.

சிட்னிக்கு நான்கு வரியில் எழுதினார். மாலியாவின் வேலை நிலைத்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தில், அவள் வீட்டு வாசலில் காரில் காத்திருந்ததை எட்டுப் பேரிடமும் தானே சொன்னார்.

"எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா சொல்லிட்டு வாங்க," என்றான் பிரெண்டன். "நாய் கடிக்கும்." யாரும் சிரிக்கவில்லை.

"இனிமே நான் தாளப் பாக்கப் போறதில்ல," என்றார் அப்பா. "கேள்வி கேப்பேன். ஒரு மணி நேரத்துல பதில் வரணும். வரலன்னா நேர்ல வருவேன். எனக்கும் அதேதான். நான் பதில் போடலன்னா நீங்க வாங்க."

மாலியா இரண்டு மாதம் வேலையைத் தவிர வேறு பேச்சு அவரிடம் பேசவில்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு ஒரு மனுவைப் பற்றி அவள் கேட்டிருக்கிறாள். பதினொன்றுவரை பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினாள். அப்பா வீட்டின் பின்கதவு திறந்திருந்தது. அப்பா சமையலறைத் தரையில் கிடந்தார். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸில் அவளும் ஏறினாள். நான் பிரிஸ்பேனிலிருந்து போய்ச் சேரும்வரை அவருக்கு நினைவு இருந்தது. யார் கூட்டிவந்தது, எத்தனை மணிக்கு என்று என்னிடம் விசாரித்தார். அன்று மாலை இறந்தார்.

மருத்துவமனை வராந்தாவில் மாலியாவிடம் சொன்னேன். "அன்னைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னது நான்தான்."

"தெரியும். எங்க வீட்லேருந்து உங்கிட்ட பேசறப்ப போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தார்," என்றாள். "சாப்பிட்டியா?"

நேற்று அவள் எனக்கு ஒரு கடிதத்தை அனுப்பியிருந்தாள். சிட்னியிலிருந்து வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து நான்கு வரை அவள் தாள் காலி. காரணம் தேவை என்று கேட்டிருக்கிறார்கள்.

பதிலை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆம்புலன்ஸ் வந்தது பதினொன்று நாற்பத்தொன்று. எங்கள் நேரம்.