பீப்பாய்க்குப் பொட்டு வைக்கிறவள்

சீயக்காய்ப் பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் அகல்யா அதைக் குப்புறத் திருப்புகிறாள். முன்பக்கத்தில் கூந்தலை விரித்துச் சிரிக்கிற பெண்ணை அவள் பார்ப்பதே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் படிக்கிறாள். குமாரபாளையம் மளிகைக் கடைக்காரர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் பொறுக்காமல், "ஏனுங்க அம்மணி, பரீட்சைக்குப் படிக்கிறீங்களாட்ட இருக்குது?" என்று கேட்டேவிட்டார். "எனக்கில்லீங்கண்ணா, பொட்டலத்துக்குத்தான் பரீட்சை" என்றாள் அகல்யா. அன்றைக்குத் தேறாமல் போனது ஒரு கொசுவத்தி.

நாற்பத்திரண்டு வயது. நாமக்கல்லில் வேதியியல் படித்தவள். சாயப்பட்டறைகளுக்கு வேண்டிய ரசாயனங்களை வாங்கி, கலந்து, மூட்டை கட்டி அனுப்புகிற ஆனந்தகுமாரின் கம்பெனி சங்ககிரி சாலையில் இருக்கிறது. அங்கே வருகிற ஒவ்வொரு சரக்கும் எந்த வகையில் ஆபத்தானது என்று முடிவு செய்வது அகல்யாவின் வேலை. பதினாறு பகுதி கொண்ட தாளில் அதை எழுதுவாள். பிறகு பீப்பாயின் மேல் எந்தப் படத்தை ஒட்ட வேண்டும் என்று சொல்வாள். சிவப்புக் கோடு போட்ட சாய்சதுரம். அதற்குள் தீயோ, மண்டையோடோ, கையைத் தின்கிற திராவகமோ, வெறும் ஆச்சரியக்குறியோ இருக்கும். மூட்டை கட்டுகிற பெண்கள் அதைப் பொட்டு என்பார்கள். அகல்யா அவர்களுக்குப் பொட்டுக்கார அம்மணி.

புதுச் சரக்கு வந்தால் அவள் கேட்பது இரண்டே கேள்விதான். தன்பாட்டுக்கு விட்டால் இது என்ன செய்யும்? நம்மிடம் விட்டால் என்ன செய்யும்? முதல் கேள்விக்குள் எரிவது, வெடிப்பது, இரும்பை அரிப்பது எல்லாம் அடக்கம். இரண்டாவதில் தோல், கண், மூச்சு, வயிறு வரும்; ஒரே நாளில் கெடுக்குமா, பத்து வருஷம் பழகிவிட்டுக் கெடுக்குமா என்பதும் வரும். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கப் போகிற அத்தைமாருக்கும் இந்த இரண்டு கேள்வி போதும். அவள் ஒவ்வொரு பொடியையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்றும், அதனால்தான் அவள் வைக்கிற ரசத்தில் உப்பு நிற்பதில்லை என்றும் பட்டறைகளில் ஒரு வதந்தி உண்டு. ரசத்தைப் பற்றியது உண்மை.

இந்தப் பழக்கம் கம்பெனி வாசலோடு நிற்பதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கும் அவள் வகை பிரித்து வைத்திருக்கிறாள். நாத்தனார் காற்றில் பரவும் வகை. வந்தால் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிற கணவர் குணசீலன் தானாக எரிய மாட்டார். பக்கத்தில் யாராவது எரிந்தால் ஊதிவிடுவார். இதை அவரிடமே சொல்லியிருக்கிறாள். "அப்ப உனக்கு என்ன பொட்டு?" என்று அவர் கேட்டார். "என்ற டப்பாவ நானே பிரிச்சுப் பாக்க முடியுமாங்க?" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள்.

அவள் பேச்சுக்கு மதிப்பு வந்தது ஒரு பெராக்சைடு கேனால். துணியை வெளுக்கிற அந்தத் தண்ணீர் இருக்கிற இடத்தில் சும்மா இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகவே மூடியில் ஓட்டை வைத்திருப்பார்கள். ஓட்டை மூடி உடைந்துபோக, யாரோ இறுக்கமான மூடியைப் போட்டுத் திருகிவிட்டார்கள். சித்திரை வெயிலில் கேன் நிறைமாத வயிறுபோல் உப்பியது. அகல்யா எல்லோரையும் வெளியே விரட்டி முடிக்கவும் மூடி கிளம்பவும் சரியாக இருந்தது. அது காவிரியைத் தாண்டி, பவானிக் கரையில் துவைத்துக்கொண்டிருந்தவரின் சோப்பு டப்பாவில் போய் உட்கார்ந்ததாக இன்றைக்கும் சொல்கிறார்கள். சோப்பு டப்பாவை நம்ப வேண்டியதில்லை. தகரக் கூரையில் உள்ள ஓட்டையை நம்பலாம். மழைக்கு இன்னும் ஒழுகுகிறது.

இந்த ஐப்பசியில் ஆனந்தகுமார் புதிதாக ஒரு பவுடர் கலந்தார். ஹைட்ரோஸ் என்கிற வெள்ளைப் பொடியைச் சாயப்பட்டறையில் தெரியாதவர் இல்லை. தப்பாகப் பிடித்த சாயத்தைத் துணியிலிருந்து உரித்து எடுக்கும். ஈரம் பட்டாலோ, குவியலாக வெக்கையில் கிடந்தாலோ, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே உள்ளுக்குள் சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதனால் அதற்குத் தீப்படம். ஆனந்தகுமார் அதில் பாதிக்குப் பாதி சலவைச் சோடா சேர்த்தார். கந்தக வாடை தெரியாமல் இருக்க எலுமிச்சை வாசனையும் போட்டார். 'பால்நிலா' என்று பெயர் வைத்தார். அறுபது மூட்டை கட்டி அடுக்கியாயிற்று. சாயங்கால பார்சல் லாரியில், பெட்சீட் கட்டுகளோடு ஒரே தார்ப்பாயின் கீழ், மழையில் போக வேண்டிய சரக்கு.

"மேடம், அந்த ஆச்சரியக்குறி இருந்துட்டுப் போவட்டும். முழுங்குனாக் கேடுன்னு போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. தீயை மட்டும் எடுத்துப்போடுங்க. அதைக் கண்டாவே பார்சல் ஆபீஸ்ல மூட்டையை எறக்கி வச்சுப்போடறானுங்க."

"உள்ள இருக்கறது ஹைட்ரோசுங்களே சார்."

"பாதிதானுங்க! வாடைகூடப் போயிருச்சு பாருங்க."

"வாடை போனாக் குணம் போயிருமுங்களா? அப்படின்னா எங்கூட்டு நாத்தனாருக்கு நான் செண்டு வாங்கித் தரனே" என்றாள் அகல்யா. "வச்சுப் பாத்துட்டுச் சொல்றேனுங்க."

பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பத்து சென்டிமீட்டர் நீள அகல உயரத்தில் கம்பிவலைக் கூண்டு. அது நிறையப் பொடி. பொடியின் நடுவயிற்றில் ஒரு வெப்பமானிக் கம்பி. கூண்டை நூற்று நாற்பது டிகிரி சூட்டுப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நல்ல பிள்ளையாக இருந்தால் பொடி நூற்று நாற்பதோடு நின்றுகொள்ளும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இருநூறைத் தாண்டினால், பெட்டி கொடுத்த சூடு போதாதென்று அது தானே சூடு போட்டுக்கொண்டது என்று அர்த்தம். காலை ஒன்பதரைக்குப் பின்கொட்டகையில் கூண்டை வைத்தாள். ஆனந்தகுமாரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு நூற்று நாற்பத்தொன்று. "பாத்தீங்களா, சாது" என்றார். பன்னிரண்டே முக்காலுக்கு நூற்றைம்பத்தெட்டு. அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார். ஒன்று பத்துக்கு எலுமிச்சை வாசனையைத் தள்ளிக்கொண்டு தீக்குச்சி கருகின நாற்றம் வந்தது. எண் இருநூறைத் தாண்டி, நிற்க மனமில்லாமல் ஓடியது. அகல்யா பெட்டியை அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மெஷினுல ஏதாச்சும் கோளாறு இருக்குமோ?" என்றார் ஆனந்தகுமார்.

"சின்னக் கூண்டு ஒண்ணு பாக்கியிருக்குதுங்க. எத்தனை மோசம்னு அது சொல்லும். தீ உண்டுங்கறத இது சொல்லிருச்சு."

அவர் லாரி ஆபீசுக்குப் போன் போடுவதுபோல் தள்ளிப் போனார். சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்த பாவாயி கையைத் துடைத்தபடி கிட்டே வந்தாள். மூட்டை கட்டுகிற பெண்களில் மூத்தவள். கம்பெனியில் அகல்யாவைத் திட்டுகிற உரிமை அவள் ஒருத்திக்கு உண்டு. இன்றைக்குத் திட்டவில்லை.

"ஏனுங் சாமி, இதுக்குத் தீப்பொட்டுங்களா?"

"ஆமாங்கக்கா."

"மூட்டையா இருந்தாத்தானுங்களே? ஒரு படி, அரைப் படின்னா ஒண்ணும் பண்ணாதுங்களே?"

அகல்யா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். "யாரு ஊட்டுல இருக்குது?"

பாவாயி முந்தானையைத் திருகினாள். "வேட்டி பாலாட்ட வெளுக்குதுங். நெம்ப நல்லா இருக்குது. வாசம் வேற. சிந்துனதைத்தான் கூட்டி அள்ளிட்டுப் போனனுங்க, மூட்டைல கை வெக்கல."

"எங்க வச்சிருக்கறீங்க?"

"பொடக்காளில. தண்ணித் தொட்டி மேல."

புழக்கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாவாயி வீட்டின் நான்கு விசைத்தறிகள். கூடை கூடையாக நூல். தறிச் சத்தத்தில் மருமகள் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. அகல்யா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பாவாயி பின்னால் ஏறி உட்கார்ந்து, கத்தேரியில் இருக்கிற தன் வீடு போய்ச் சேரும்வரை ஊரில் உள்ள அத்தனை மாரியம்மனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். புறப்படும்போது அகல்யா திரும்பிப் பார்த்து மற்றப் பெண்களிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "யாராரு ஊட்டுல இருக்குதோ, நனையாம எடுத்துட்டு வந்து வேப்பமரத்தடில வையுங்க. யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன்." வாசலில் போனும் கையுமாக நின்ற ஆனந்தகுமாரும் திரும்பிப் பார்த்தார்.

பிளாஸ்டிக் பை தொட்டியின் விளிம்பில்தான் இருந்தது. அடிப்பக்கம் ஈரம். பை காற்றடைத்ததுபோல் விம்மியிருந்தது. அகல்யா புறங்கையை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றிபோல் அனல் வீசியது. துப்பட்டாவால் மூக்கைக் கட்டினாள். சுவரில் மாட்டியிருந்த இரும்பு வடச்சட்டியை எடுத்துத் துடைத்து, கரண்டியால் பையை அதற்குள் தள்ளினாள். சட்டியைக் கை நீட்டிப் பிடித்தபடி எதிர்ப்புறம் இருந்த காலி மனைக்கு நடந்தாள். ஓடவில்லை. சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, காற்று வருகிற பக்கமாக இருபது தப்படி வந்து நின்றபோது பை சுருங்கிப் புகைய ஆரம்பித்தது. அடுத்த வீட்டுக்காரி குடத்தோடு ஓடி வந்தாள். அகல்யா குறுக்கே போய் இரண்டு கையையும் விரித்தாள்.

"அக்கட்ட போங்க! தண்ணி ஊத்தாதீங்க!"

"தீக்குத் தண்ணி ஊத்தாம, பாலா ஊத்துவாங்க? உனக்கென்ன கிறுக்கா?"

"ஒரு குடம் ஊத்துனா அதுக்கு இன்னும் வெறி ஏறும். அதும்பாட்டுக்கு எரிஞ்சு அடங்கட்டும், உடுங்க."

குடக்காரி வாயை மூடவில்லை. ஆனால் குடத்தை இறக்கினாள். ஒரு முழ உயரத்துக்கு எழுந்த தீ, வந்த வேகத்தில் படுத்துவிட்டது. நாற்றம் மட்டும் தெருக்கோடிவரை போயிற்று. முருங்கை மரத்தில் இருந்த காக்கை மூன்று நாள் இருமியதாகப் பின்னால் பாவாயி சத்தியம் செய்தாள். மருமகள் தறியை நிறுத்திவிட்டு அப்போதுதான் வெளியே வந்து, "என்னங்கத்தை கருகுது, அடுப்புல பாலை வச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். பாவாயி சட்டென்று தரையில் உட்கார்ந்து அழுதாள். அகல்யா அவள் தோளைப் பிடித்து எழுப்பினாள். "சட்டியை இனிச் சமையலுக்கு வேண்டாமுங்கக்கா" என்றாள்.

திரும்பி வந்தபோது வேப்பமரத்தடியில், காய்ந்த மண்ணில், வரிசை உட்கார்ந்திருந்தது. கடுகு டப்பா ஒன்று, குழந்தைக்கு வாங்கிய பால்மாவு டின் ஒன்று, முடிச்சுப் போட்ட பைகள் ஐந்து. பெண்கள் தூரத்தில் நின்று வேறு எங்கோ பார்த்தார்கள். அகல்யா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றின் அடியையும் தடவி ஈரம் பார்த்தாள். ஒன்று சூடானால் அடுத்ததைத் தொடாதபடி ஒரு முழம் இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி வைத்தாள். ஈரம் எதிலும் இல்லை. வாசலில் பார்சல் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஆனந்தகுமாரின் கார் வந்தது.

அவர் லாரிக்காரரிடம் இன்றைக்குச் சரக்கு இல்லை என்று கையசைத்தார். கார்க் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் சம்படம் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் வந்து அதை வரிசையின் கடைசியில் வைத்தார். மூடியின்மேல் புள்ளிப் புள்ளியாக அவருடைய அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது: கு. ராஜம்மாள்.

அகல்யா தோள்பையிலிருந்து படத்தாள்களை எடுத்தாள். தீப்படம் ஒன்றை நகத்தால் உரித்தாள். சம்படத்தின் மூடியைத் துப்பட்டா நுனியால் துடைத்து, பெயரை மறைக்காமல் அதற்கு ஒரு விரற்கடை கீழே ஒட்டி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள்.